பாரதிதாசன்

பாரதிதாசன் (ஏப்ரல் 29, 1891 - ஏப்ரல் 21, 1964) புதுச்சேரியில் பிறந்த தமிழ்ப் பாவலர் ஆவார். இவருடைய இயற்பெயர் சுப்புரத்தினம். தந்தையின் பெயரையும் இணைத்துக் கனக சுப்புரத்தினம் என்று அழைக்கப்பட்டார். சுப்பிரமணிய பாரதியார் மீது கொண்ட பற்றினால் பாரதிதாசன் என்னும் புனைபெயரை ஏற்றார். தமிழாசிரியர், இதழாளர், நாடக ஆசிரியர், திரைப்பட உரையாடல் ஆசிரியர், சட்டமன்ற உறுப்பினர் எனப் பல நிலைகளில் பணியாற்றினார். புரட்சிக் கவிஞர், பாவேந்தர் ஆகிய பட்டங்களால் அறியப்படுகிறார்.

இவருடைய கவிதைகளில் பல, ஏட்டில் படிக்கப்பட்டதை விட இசைத்தட்டு, திரைப்படம், வானொலி ஆகியவற்றின் வழியாகவே மிகுதியான மக்களைச் சென்றடைந்தன. அவற்றுள் "துன்பம் நேர்கையில்" எனத் தொடங்கும் பாடல் குறிப்பிடத்தக்கது. நூலில் அச்சான இப்பாடல் இசை மேடை, திரைப்படம், வானொலி எனப் பல வடிவங்களைக் கடந்து இன்றும் பாடப்பட்டு வருகிறது.

பிறப்பும் கல்வியும்

பாரதிதாசன், கனகசபை முதலியார், இலக்குமி அம்மாள் இணையருக்குப் புதுச்சேரியில் பிறந்தார். தந்தை வணிகர். அக்காலத்தில் புதுச்சேரி பிரெஞ்சு ஆட்சியின் கீழ் இருந்தது. எனவே தொடக்கக் கல்வியைப் பிரெஞ்சுப் பள்ளியில் பயின்றார். எனினும் இவருடைய ஈடுபாடு தமிழிலேயே இருந்தது. திருப்புளிசாமி ஐயா என்பவரிடம் தமிழ் கற்றார். பின்னர்க் கல்வே கல்லூரியில் தமிழ் பயின்று, தேர்வில் முதல் மாணவராகத் தேறினார்.

1909ஆம் ஆண்டு, தம் 18ஆம் அகவையில், காரைக்காலை அடுத்த நிரவியில் அரசுப் பள்ளித் தமிழாசிரியராகப் பணியில் சேர்ந்தார். 37 ஆண்டுகள் ஆசிரியப் பணியாற்றி 1946இல் ஓய்வு பெற்றார். பிரெஞ்சு அரசுக்கு எதிராகச் செயல்பட்டார் என்ற குற்றச்சாட்டின் பேரில் இடையில் சிறை வைக்கப்பட்டார். பின்னர் விடுவிக்கப்பட்டு மீண்டும் பணியில் சேர்ந்தார். அரசு ஊழியராக இருந்தமையால் கண்டெழுதுவோன், கிறுக்கன், கிண்டல்காரன் முதலிய பல புனைபெயர்களில் எழுதி வந்தார்.

1920இல் பழநி அம்மையாரை மணந்தார். இவர்களுக்கு மூன்று மகள்களும் ஒரு மகனும் பிறந்தனர். மகன் கோபதி, மன்னர்மன்னன் என்னும் பெயரில் எழுத்தாளராக அறியப்பட்டவர்.

பாரதியாருடன் தொடர்பு

பிரித்தானிய அரசின் கைது நடவடிக்கையிலிருந்து தப்பிப் பாரதியார் 1908இல் புதுச்சேரிக்கு வந்தார். 1918 வரை அங்கேயே வாழ்ந்தார். இக்காலத்தில் வேணு நாயகர் என்பவரின் இல்லத் திருமணத்தில் சுப்புரத்தினம் பாரதியாரின் பாடலொன்றைப் பாடினார். அப்பாடலை இயற்றியவர் அவையில் அமர்ந்திருப்பது பாடியவருக்குத் தெரியாது. அங்குத் தொடங்கிய அறிமுகம் நெருங்கிய நட்பாக வளர்ந்தது. ஒரு பாடலைப் பாடியதன் வழியாகவே இருவரும் சந்திக்க நேர்ந்தது என்பது இவருடைய வாழ்க்கை வரலாற்றில் கருதத்தக்க செய்தியாகும்.

பாரதியாரின் வேண்டுகோளுக்கு இணங்கி இவர் "எங்கெங்குக் காணினும்" எனத் தொடங்கும் பாடலை எழுதினார். பாரதியார் அதனைச் சுதேசமித்திரன் இதழுக்கு அனுப்பி வைத்தார். எளிய சொல், எளிய சந்தம், பொதுமக்கள் விரும்பும் மெட்டு ஆகியவற்றைக் கவிதையில் ஆளும் முறையைப் பாரதியாரிடமிருந்து இவர் கற்றுக் கொண்டார். பாரதியாரின் பெயரைத் தாங்கி இவர் 1935இல் தொடங்கிய ஸ்ரீ சுப்பிரமணிய பாரதி கவிதா மண்டலம், கவிதைக்கென்றே வெளிவந்த முன்னோடித் தமிழ் இதழாகும்.

கொள்கை மாற்றம்

இவருடைய தொடக்க காலப் படைப்புகளில் முருகன் மீதான பக்திப் பாடல்கள் மிகுதி. மயிலம் முருகன் மீது துதியமுது, சிந்து, வண்ணப்பாட்டு ஆகியவற்றை இயற்றியுள்ளார். இவை யாவும் பாடுவதற்காகவே எழுதப்பட்டவை. அடுத்த கட்டத்தில் இந்திய விடுதலை இயக்கத்தில் ஈடுபட்டார். கதர்த் துணியைத் தோளில் சுமந்து தெருத் தெருவாக விற்றார். சிறுவர் சிறுமியர் தேசிய கீதம், தொண்டர் நடைப்பாட்டு, கதர் இராட்டினப் பாட்டு ஆகியவை 1930இல் வெளிவந்தன.

1920களின் இறுதியில் பெரியார் ஈ. வெ. இராமசாமியின் சுயமரியாதை இயக்கத்தில் இணைந்தார். சாதி மறுப்பு, கைம்பெண் மறுமணம், பெண் கல்வி, மூடநம்பிக்கை எதிர்ப்பு, பொதுவுடைமை ஆகியன இவருடைய பாடுபொருள்களாயின. தாழ்த்தப்பட்டோர் சமத்துவப் பாட்டு, சஞ்சீவி பர்வதத்தின் சாரல் ஆகியன இக்காலத்தவை. 1938இல் குஞ்சிதம் குருசாமியின் முயற்சியால் இவருடைய கவிதைகளின் முதல் தொகுதி வெளிவந்தது. 1946 சூலையில் சென்னையில் நடைபெற்ற விழாவில், கா. ந. அண்ணாதுரையின் முயற்சியால் திரட்டப்பட்ட 25,000 ரூபாய் பொற்கிழி இவருக்கு வழங்கப்பட்டது.

பாடுபொருள் மாறிய போதிலும் வடிவம் மாறவில்லை. பக்தி, தேசியம், பகுத்தறிவு ஆகிய மூன்று கட்டங்களிலும் சிந்து, கும்மி, தாலாட்டு, நடைப்பாட்டு முதலிய இசை வடிவங்களை இவர் தொடர்ந்து கையாண்டார்.

தமிழிசை இயக்கமும் இசையமுதும்

1940களின் தொடக்கத்தில் கருநாடக இசைக் கச்சேரிகளில் தெலுங்கு, சமற்கிருதப் பாடல்களே பெரிதும் பாடப்பட்டன. தமிழ்ப் பாடல்கள் நிகழ்ச்சியின் இறுதியில், துக்கடா எனப்படும் சிறு உருப்படிகளாக இடம் பெற்றன. இந்நிலையை மாற்ற அண்ணாமலை அரசர் முயன்றார். 1941இல் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழிசை மாநாடு கூடியது. 1943இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் நிறுவப்பட்டது.

தமிழில் பாடுவதற்குப் போதிய பாடல்கள் இல்லை என்பது எதிர்த்தரப்பினர் முன்வைத்த வாதங்களுள் ஒன்று. தேவாரம், திருவாசகம், திருவருட்பா, அருணாசலக் கவிராயர், முத்துத்தாண்டவர், கோபாலகிருஷ்ண பாரதி பாடல்கள் ஆகியவை அதற்கு விடையாகக் காட்டப்பட்டன. இவை யாவும் பக்திப் பாடல்கள். பக்தி சாராத பொருளில் புதிய தமிழ் இசைப்பாடல்களை வழங்கியோருள் பாரதிதாசன் முதன்மையானவர். இவருடைய இசையமுது முதல் தொகுதி 1942இலும், இரண்டாம் தொகுதி 1952இலும் வெளிவந்தன. உழைப்போர், பெண்கள், குழந்தைகள், காதலர் ஆகியோரைப் பற்றிய பாடல்கள் இவற்றில் உள்ளன. "துன்பம் நேர்கையில்" இசையமுது முதல் தொகுதியில் இடம் பெற்ற பாடலாகும்.

"துன்பம் நேர்கையில்" பாடல்

பொருள்

இப்பாடல் அடுத்தடுத்த வேண்டுகோள்களால் ஆனது. ஒவ்வொரு வேண்டுகோளும் வினாவாக முடிகிறது. துயருறும் நேரத்தில் யாழை மீட்டி இன்பம் தருமாறு முதலில் கேட்கப்படுகிறது. பின்னர்த் தமிழ்ப் பாட்டால் துன்பம் நீக்கவும், அறம் எது மறம் எது என்று விளங்காத போது திருக்குறளிலிருந்து ஒரு சொல் எடுத்துரைக்கவும் வேண்டப்படுகிறது. அகம், புறம் ஆகிய பழந்தமிழ் இலக்கியத் துறைகளும் இறுதியில் சுட்டப்படுகின்றன.

திரைப்படத்தின் வழியே கேட்டவர்கள் இதனைக் காதல் பாடலாகக் கருதுவதுண்டு. ஆயினும் பாடலின் இறுதிப் பகுதி, பெற்றோர் தம் பிள்ளையை நோக்கிக் கூறுவதாக அமைந்துள்ளது. ஆகவே இசையும் கல்வியும் அடுத்த தலைமுறையிடம், குறிப்பாகப் பெண்மக்களிடம், தழைக்க வேண்டும் என்ற விருப்பமாகவும் இதனைக் கொள்ள இடமுண்டு. குடும்ப விளக்கு முதலிய நூல்களில் பாரதிதாசன் வலியுறுத்திய கருத்தும் இதுவே.

மெட்டு

இப்பாடலுக்குத் தேஷ் இராகத்தில் மெட்டமைத்தவராக அறியப்படுபவர் எம். எம். தண்டபாணி தேசிகர் (1908 - 1972). இவர் ஓதுவார் மரபில் வந்தவர். பட்டினத்தார் (1935), நந்தனார் (1942) ஆகிய திரைப்படங்களில் தலைமை வேடமேற்றுப் பாடி நடித்தவர். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் இசைத்துறைத் தலைவராகவும் பணியாற்றினார். தமிழிசை இயக்கத்தில் முன்னணியில் நின்றவர். 1940களில் திருவையாற்றுத் தியாகராசர் ஆராதனையில் இவர் தமிழ்ப் பாடல் பாடியது பெரும் சர்ச்சையாகி, இதழ்களில் விவாதிக்கப்பட்டது. பக்தி இசையில் வேரூன்றிய ஒருவர், பகுத்தறிவு இயக்கக் கவிஞரின் பாடலை மேடைக்கு உரியதாக்கினார் என்பது இம்மெட்டின் சிறப்பாகும்.

தேஷ், இந்துஸ்தானி இசையிலிருந்து கருநாடக இசைக்கு வந்த இராகம். ஏறும் போது ஒரு நிஷாதமும் இறங்கும் போது மற்றொரு நிஷாதமும் இதில் ஒலிக்கும். உருக்கத்துக்கும் மென்மைக்கும் ஏற்ற இவ்விராகத்தில் பெரும்பாலும் மெல்லிசைத் தன்மை கொண்ட உருப்படிகளே பாடப்படுகின்றன.

திரைப்படமும் இசைத்தட்டும்

1951இல் ஏவிஎம் நிறுவனம் ஓர் இரவு திரைப்படத்தை வெளியிட்டது. இது அண்ணாதுரையின் நாடகத்தைத் தழுவியது. திரைக்கதையையும் உரையாடலையும் அவரே எழுதினார். ப. நீலகண்டன் இயக்கினார். கே. ஆர். இராமசாமி, அ. நாகேசுவர ராவ், லலிதா முதலியோர் நடித்தனர். ஆர். சுதர்சனம் இசையமைத்த இப்படத்தில் எம். எஸ். இராஜேஸ்வரியும் வி. ஜே. வர்மாவும் "துன்பம் நேர்கையில்" பாடலைப் பாடினர். கச்சேரி மேடையில் அறியப்பட்ட தேஷ் இராகமே திரையிலும் பின்பற்றப்பட்டது.

ஏவிஎம் நிறுவனர் ஏ. வி. மெய்யப்பன் திரைத்துறைக்கு வருமுன் சரஸ்வதி ஸ்டோர்ஸ் என்ற பெயரில் இசைத்தட்டு வணிகம் நடத்தியவர். இசைத்தட்டு விற்பனையில் பாடலுக்குள்ள மதிப்பை அவர் நன்கறிந்திருந்தார். அக்காலத்து இசைத்தட்டு நிமிடத்துக்கு 78 சுற்றுகள் சுழலும். ஒரு பக்கத்தில் ஏறத்தாழ மூன்றரை நிமிடங்கள் மட்டுமே பதிய முடியும். கச்சேரியில் விரித்துப் பாடத்தக்க உருப்படியும் இவ்வரம்புக்குள் அடங்கவோ, இரண்டு பக்கங்களாகப் பிரிக்கப்படவோ வேண்டியிருந்தது.

வானொலி

1952இல் இந்தியத் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி. வி. கேஸ்கரின் காலத்தில், அகில இந்திய வானொலியில் திரைப்பாடல்களுக்கான இடம் பெரிதும் குறைக்கப்பட்டது. நேயர்கள் இலங்கை வானொலியின் பக்கம் திரும்பினர். 1957இல் விவித பாரதி தொடங்கிய பிறகே இந்திய வானொலியில் திரைப்பாடல்கள் மீண்டும் நிலைபெற்றன. இவ்வாறு 1950களின் தமிழ்த் திரைப்பாடல்கள் பலவும் கடல் கடந்து ஒலித்த அலைவரிசை மூலமாகவே தமிழ்நாட்டு வீடுகளை அடைந்தன.

மீண்டும் கச்சேரி மேடை

பிற்காலத்தில் இப்பாடல் மீண்டும் கருநாடக இசை மேடைக்குத் திரும்பியது. சஞ்சய் சுப்ரமண்யன் முதலிய கலைஞர்கள் பாடியதன் மூலம் இளைய தலைமுறையினரிடம் இது புதிதாகப் பரவியது. ஒரு காலத்தில் கடும் விவாதத்துக்குள்ளான தமிழ்ப் பாடல் என்னும் வகை, இன்று அவையோர் விரும்பிக் கேட்கும் உருப்படியாகியுள்ளது.

இதனோடு ஒப்பு நோக்கத்தக்கது அமெரிக்கப் பாடலான "ஒயிட் கிறிஸ்மஸ்". இர்விங் பெர்லின் இயற்றிய அப்பாடலைப் பிங் கிராஸ்பி 1942இல் இசைத்தட்டில் பதிவு செய்தார். மூலத்தகடு தேய்ந்து போனமையால் 1947இல் மீண்டும் பதிவு செய்ய நேர்ந்தது. அங்கே ஒரே பாடகரின் பதிவே பாடலின் அடையாளமாக நிலைத்தது. அதே 1942இல் நூலில் வெளியான பாரதிதாசன் பாடலோ கவிஞர், மெட்டமைத்தவர், திரை இசையமைப்பாளர், பின்னணிப் பாடகர், கச்சேரிக் கலைஞர் எனப் பலர் கைகளில் வளர்ந்தது.

திரைத்துறைப் பணி

பாரதிதாசன் 1930களிலேயே திரைப்படங்களுக்கு எழுதத் தொடங்கினார். பாலாமணி அல்லது பக்காத் திருடன் (1937), ஸ்ரீ இராமானுஜர் (1938) ஆகியவற்றில் இவருடைய பாடல்கள் இடம் பெற்றன. எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கத்தில், நாதசுவரக் கலைஞர் டி. என். இராஜரத்தினம் பிள்ளை நடித்த கவி காளமேகம் (1940) படத்துக்கு உரையாடலும் பாடல்களும் எழுதினார். சமயக் கதைகளை மறுத்த காலத்திலேயே சமயப் பெரியார்களைப் பற்றிய படங்களிலும் இவர் பணியாற்றினார்.

சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் நிறுவனத்துக்கு ஆயிரம் தலைவாங்கி அபூர்வ சிந்தாமணி (1947), பொன்முடி (1950), வளையாபதி (1952) ஆகிய படங்களில் எழுதினார். பொன்முடி, இவருடைய எதிர்பாராத முத்தம் என்னும் காவியத்தைத் தழுவியது. 1952இல் வெளிவந்த பராசக்தி படத்தின் தொடக்கத்தில் இடம் பெற்ற "வாழ்க வாழ்க" பாடலும் இவர் எழுதியதே. எம். எல். வசந்தகுமாரி அதனைப் பாடினார்.

மறைவுக்குப் பின் வெளிவந்த திரைப்பதிவுகள்

இவர் திரைப்படத்துக்கென்று எழுதாத கவிதைகள் பலவும் இவருடைய மறைவுக்குப் பின் இசையமைக்கப்பட்டுத் திரையில் இடம் பெற்றன. அவற்றுள் சில:

* "தமிழுக்கும் அமுதென்று பேர்" - பஞ்சவர்ணக்கிளி (1965). இசை: விஸ்வநாதன் - இராமமூர்த்தி. பாடியவர்: பி. சுசீலா.
* "சங்கே முழங்கு" - கலங்கரை விளக்கம் (1965). இசை: எம். எஸ். விஸ்வநாதன். பாடியவர்கள்: சீர்காழி கோவிந்தராஜன், பி. சுசீலா.
* "புதியதோர் உலகம்" - சந்திரோதயம் (1966). இசை: எம். எஸ். விஸ்வநாதன். பாடியவர்: சீர்காழி கோவிந்தராஜன்.
* "சித்திரச் சோலைகளே" - நான் ஏன் பிறந்தேன் (1972). இசை: சங்கர் - கணேஷ். பாடியவர்: டி. எம். சௌந்தரராஜன்.
* "அவளும் நானும்" - அச்சம் என்பது மடமையடா (2016). இசை: ஏ. ஆர். ரகுமான். பாடியவர்: விஜய் யேசுதாஸ்.

திராவிட இயக்கத்தின் அரசியல் வளர்ச்சியோடு இப்பதிவுகளுக்குத் தொடர்பு உண்டு. 1965ஆம் ஆண்டு தமிழ்நாட்டில் இந்தித் திணிப்பு எதிர்ப்புப் போராட்டம் நடந்த ஆண்டாகும். தமிழைப் போற்றும் இரு பாடல்கள் அவ்வாண்டிலேயே திரையில் ஒலித்தன. உழைப்பாளர் உயர்வைப் பாடும் "சித்திரச் சோலைகளே", ம. கோ. இராமச்சந்திரனின் படத்தின் மூலம் பரவலாக அறியப்பட்டது.

இறுதிக் காலம்

பிரெஞ்சு ஆட்சி நீங்கிய பின் பாரதிதாசன் புதுச்சேரி சட்டமன்ற உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். குயில் என்னும் இதழை நடத்தினார். குறிஞ்சித்திட்டு (1959), கண்ணகி புரட்சிக் காப்பியம் (1962) ஆகியன இவருடைய பிற்காலப் படைப்புகள்.

தம்முடைய பாண்டியன் பரிசு காவியத்தைத் திரைப்படமாக எடுக்கும் நோக்கத்துடன் இறுதிக் காலத்தில் சென்னையில் குடியேறினார். அம்முயற்சி நிறைவேறவில்லை. உடல்நலம் குன்றிச் சென்னைப் பொது மருத்துவமனையில் ஏப்ரல் 21, 1964 அன்று காலமானார். உடல் புதுச்சேரிக்குக் கொண்டு வரப்பட்டு அடக்கம் செய்யப்பட்டது. பிசிராந்தையார் நாடகத்துக்காக 1969ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதமி விருது இவருடைய மறைவுக்குப் பின் வழங்கப்பட்டது.

பாடல்களின் உரிமை

ஒரு பாடல் யாருக்கு உரியது என்னும் கேள்வி பாரதியாரின் பாடல்களை முன்னிட்டுத் தமிழகத்தில் எழுந்தது. பாரதியார் பாடல்களின் இசைப்பதிவு உரிமை தனியார் கைகளில் இருந்து, பின்னர் ஏவிஎம் நிறுவனத்திடம் வந்தது. நாம் இருவர் (1947) படத்தில் டி. கே. பட்டம்மாள் பாடிய பாரதியார் பாடல்கள் பெரும் வரவேற்பைப் பெற்றன. அப்படத்துக்கும் இசையமைத்தவர் ஆர். சுதர்சனம். தேசியக் கவிஞரின் பாடல்களைப் பாட ஒரு நிறுவனத்தின் இசைவைப் பெற வேண்டியிருப்பது முறையன்று என்று எழுத்தாளர்களும் நாடகக் கலைஞர்களும் இயக்கம் நடத்தினர். 1949இல் சென்னை மாகாண அரசு பாரதியார் படைப்புகளின் உரிமையை ஏற்றது. மெய்யப்பன் தம்மிடமிருந்த உரிமையைப் பணம் பெறாமல் வழங்கினார்.

பாரதிதாசனின் படைப்புகள் 1990இல் தமிழ்நாடு அரசால் நாட்டுடைமையாக்கப்பட்டன. இதன் பின் இவருடைய கவிதைகளை எவரும் பதிப்பிக்கவும், புதிய மெட்டமைத்துப் பாடவும் தடையில்லாமல் போயிற்று. எனினும் இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி பாடல் வரி, மெட்டு, ஒலிப்பதிவு ஆகிய மூன்றும் தனித்தனி உரிமைகள் ஆகும். வரிகள் நாட்டுடைமையான போதும், ஒருவர் அமைத்த மெட்டும், ஒரு நிறுவனம் செய்த ஒலிப்பதிவும் தத்தம் காலவரம்பு முடியும் வரை அவற்றின் உரிமையாளர்களுக்கே உரியவை. ஒரே கவிதைக்கு வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு பதிவுகள் தோன்ற இந்நிலையே வழி செய்கிறது.

நினைவுச் சின்னங்கள்

* புதுச்சேரி பெருமாள் கோயில் தெருவில் இவர் வாழ்ந்த இல்லம், நினைவு இல்லமாகவும் ஆய்வு மையமாகவும் ஆக்கப்பட்டுள்ளது.
* 1968இல் இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டை ஒட்டிச் சென்னைக் கடற்கரையில் இவருக்குச் சிலை நிறுவப்பட்டது.
* 1982இல் திருச்சிராப்பள்ளியில் பாரதிதாசன் பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டது.
* 2001இல் இந்திய அஞ்சல் துறை நினைவு அஞ்சல் தலை வெளியிட்டது.
* 2025இல் தமிழ்நாடு அரசு இவருடைய பிறந்தநாளை ஒட்டி ஏப்ரல் 29 முதல் மே 5 வரை தமிழ் வாரம் கொண்டாடப்படும் என்று அறிவித்தது.
* இவர் இயற்றிய "வாழ்வினில் செம்மையை" எனத் தொடங்கும் பாடல் புதுச்சேரி அரசின் தமிழ்த்தாய் வாழ்த்தாகும். அரசு விழாக்களிலும் பள்ளிகளிலும் இது பாடப்படுகிறது. பிரெஞ்சு ஆட்சியில் புனைபெயர்களுக்குப் பின் நின்று எழுத நேர்ந்த பள்ளி ஆசிரியரின் பாடல், அதே மண்ணில் அரசின் வாழ்த்துப் பாடலாக ஒலிக்கிறது.